உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு

பண்ருட்டி வட்டாரத்துப் பெரியவர்களே, நண்பர்களே,

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். பலா மண்டியில் கணக்கு எழுதுகிறவர், பென்ஷன் வாங்கும் வாத்தியார், தெருமுனை மருந்துக்கடைக்காரர், ஊர்ப் பஞ்சாயத்தில் நாலு வார்த்தை பேசக்கூடியவர், பத்திர எழுத்தரின் பெஞ்சில் காலை பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறவர். என்றாவது ஒருநாள் உங்களிடம் யாராவது ஒரு தாளையும் பேனாவையும் நீட்டி, "ஒரு சாட்சிக் கையெழுத்து மட்டும் போடுங்க சார்" என்று கேட்டிருப்பார்கள். நீங்களும் போட்டிருப்பீர்கள். நானும் போட்டேன். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவர் வீட்டுப் படியும் ஏறிச் சொல்ல முடியாததால் இந்த மடல்.

கடன் பத்திரத்திலும் வாடகை ஒப்பந்தத்திலும் போடும் கையெழுத்தைப் போலத்தான் இதுவும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தாள்களில் தகராறு வந்தால், எழுதிக்கொடுத்தவர் பெரும்பாலும் உயிரோடு இருப்பார். அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். உயில் அப்படியில்லை. அது பேசத் தொடங்கும் நாளில் எழுதியவர் வாய் மூடிப் போயிருப்பார். அவர் என்ன நினைத்தார், நினைவோடுதான் வைத்தாரா, யார் பிடித்துக் கைரேகை வைக்கச் செய்தார்கள் என்று கேட்க அவரிடம் போக முடியாது. கேட்க வேண்டுமென்றால் உங்களிடம்தான் வருவார்கள். இறந்துபோனவருக்கு மிச்சமிருக்கும் வாய் நீங்கள்தான்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருந்தார். தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் ஆயா. முந்திரிக்கொட்டை உடைத்தே நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். சிறுகச் சிறுகச் சேர்த்துத் தன் பெயரில் வாங்கிய ஓட்டு வீடு ஒன்றும், காடாம்புலியூர்ப் பக்கம் அறுபது சென்ட் முந்திரித் தோப்பும் அவருக்கு இருந்தன. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நம்மை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயாவின் தோப்பில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. மகன்கள் இருவரும் வெளியூரில் பிழைப்பு. மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. புருஷன் விட்டுவிட்டுப் போனதால் தாய் வீட்டுக்கே திரும்பி வந்திருந்த சின்ன மகள்தான் விழுந்த மரங்களை அறுக்க ஆள் வைத்தாள், வட்டிக்கு வாங்கி ஒட்டுக்கன்று நட்டாள், முதல் கோடை முழுக்கக் குடத்தில் தண்ணீர் சுமந்தாள். ஆயா படுக்கையில் விழுந்தபின் மலஜலம் எடுத்ததும் அவள்தான்.

"வீடும் தோப்பும் இவளுக்குத்தான். மத்த மூணு பேரும் நல்லா இருக்காங்க" என்று ஆயா தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். என்னிடமே சொல்லியிருக்கிறார். புயலுக்கு அடுத்த ஆண்டு, பத்திரம் எழுதுகிறவரை வீட்டுக்கு அழைத்து உயில் எழுதினார்கள். ஆயா இடது பெருவிரல் ரேகை வைத்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் கூடவே உட்கார்ந்து முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது சாட்சிக்கு அன்று ஆள் கிடைக்கவில்லை. மறுநாள் காலை டீக்கடையில் நின்றிருந்த என்னிடம் அந்த வீட்டு உறவுக்காரப் பையன் தாளைக் கொண்டுவந்தான். "வாத்தியாரே, ஆயா உங்களைத்தான் போடச் சொன்னாங்க." கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு அங்கேயே போட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆயாவின் வீடு அந்தக் கடையிலிருந்து ஐம்பது தப்படி தூரம்.

மூன்று ஆண்டு கழித்து ஆயா இறந்தார். கருமாதி முடிந்த மறுநாள் உயில் வெளியே வந்தது. மற்ற மூவரும் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார்கள். உயில் பொய், ரேகை பொய், அம்மாவுக்கு நினைவே இல்லை, சின்னவள் மிரட்டி வாங்கினாள் என்று பிராதில் எல்லாமே இருந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சம்மன் என் பெயருக்கு வந்தது.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். முதல் விசாரணையில், "இது என் கையெழுத்துதான்" என்றேன். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க கையெழுத்துப் போட்டப்போ அந்தம்மா எங்க இருந்தாங்க?"

"வீட்டில்."

"நீங்க?"

"டீக்கடையில்."

"அவங்க ரேகை வைச்சதைக் கண்ணால பார்த்தீங்களா?"

"இல்லை."

"இது என் உயில்தான், நான்தான் ரேகை வைச்சேன்னு அவங்க உங்ககிட்ட நேர்ல சொன்னாங்களா?"

"அந்தத் தாளைக் காட்டிச் சொல்லவில்லை."

அவ்வளவுதான். உயில் விழுந்துவிட்டது. உயில் இல்லாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்துபோல் நான்கு பிள்ளைகளுக்கும் சம பங்கு. தோப்பு விற்றுப்போயிற்று. சின்ன மகள் வைத்து வளர்த்த ஒட்டுமரங்கள் காய்க்கத் தொடங்கியிருந்த நேரம் அது. இன்று அவள் வாடகை வீட்டில் இருக்கிறாள். வழியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.

ஆயாவின் விருப்பம் உண்மை. ரேகையும் உண்மை. அப்படியும் உயில் நிற்கவில்லை என்றால் அதற்கு நான் நடக்காத ஐம்பது தப்படிதான் காரணம். பொய் சொல்லியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் அந்தப் பயத்தால் மட்டும் நான் உண்மையைச் சொல்லவில்லை. முப்பது ஆண்டு பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தேனோ அதை அந்தக் கூண்டில் நின்று மாற்ற முடியவில்லை. உண்மை பேச வேண்டிய இடம் அதற்கு முன்பே வந்து போயிருந்தது. பேனாவை வாங்கிய அந்தக் காலையில், "வா, ஆயாகிட்ட போய்ப் போடறேன்" என்று சொல்லியிருந்தால் போதும்.

அந்த வழக்குக்குப் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவு. எழுதுகிறவர் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். அவரால் முடியாவிட்டால் அவர் கண்முன்னே, அவர் சொல்லி, வேறொருவர் வைக்கலாம். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒவ்வொரு சாட்சியும் அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது நான் போட்டதுதான்" என்று அவர் வாயாலேயே கேட்டிருக்க வேண்டும். அதன்பின் அவர் முன்னிலையிலேயே தன் கையெழுத்தைப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் போனாலும் செல்லும். சட்டம் கேட்பது எழுதியவரின் எதிரில் நீங்கள் இருக்க வேண்டும் என்பதைத்தான். உயிலின் வாசகம் சாட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை. இவ்வளவு இளக்கம் கொடுத்த சட்டம் இந்த ஓர் இடத்தில் மட்டும் இம்மியும் இறங்குவதில்லை.

வழக்கு என்று வந்தால், உயிலைக் கொண்டுவருகிறவர் உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றியே தீர வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 68-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 67-ஆம் பிரிவு. எண்தான் மாறியிருக்கிறது, கடமை மாறவில்லை. முப்பது ஆண்டுப் பழைய பத்திரம் என்றால் அதன் கையெழுத்துகள் சரியானவை என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா, அந்தச் சலுகையும் உயிலுக்கு இல்லை. நீங்கள் இன்று மறந்துவிடப்போகும் கையெழுத்து உங்களை இருபது ஆண்டு கழித்தும் தேடி வரும்.

நேரில் பார்த்துப் போட நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. முந்திரிக்கொட்டையின் ஓட்டுப்பால் பட்டுப் பட்டு நம் பெண்களின் விரல்நுனி என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறீர்கள். ரேஷன் கடையில் விரல் பதியாமல், துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லி, வரிசையில் கூனிக்குறுகி நிற்பவர்களையும் பார்த்திருக்கிறீர்கள். அப்படித் தேய்ந்த விரலை மை தொட்டு உயிலில் வைத்தால் கறுப்பாக ஒரு வட்டம்தான் விழும். எந்த நிபுணரிடம் அனுப்பினாலும் அந்த வட்டம் யாருடையது என்று சொல்வது கடினம். வாழ்நாள் முழுக்க உழைத்ததாலேயே தன் அடையாளத்தை இழந்த ஒருத்திக்கு, அந்த ரேகை அவளுடையதுதான் என்று சொல்ல உங்கள் கண்ணைவிட்டால் வேறு எது இருக்கிறது?

இதுவரை நான் சொன்னது உண்மையான உயில் சாகும் கதை. இதைவிடக் கொடியது, பொய் உயில் உயிர்பிழைக்கும் கதை. அதற்கும் நம் கையெழுத்துதான் மூச்சுக் கொடுக்கிறது.

இந்த வட்டாரத்தில் நிலத்துக்கு இன்று இருக்கும் விலை உங்களுக்குத் தெரியும். விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் நான்குவழிச் சாலை வந்தது. நெய்வேலிப் பக்கம் நிலம் எடுத்தார்கள். அப்பன் காலத்தில் சும்மா கிடந்த செம்மண் மேடு இப்போது சென்ட் கணக்கில் பேசப்படுகிறது. அதோடு சேர்ந்து, கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் பெரியவரின் தலைமாட்டில் தாளும் மையும் வைத்துக் காத்திருப்பதும் வந்துவிட்டது. அந்தத் தாளுக்கு இரண்டு சாட்சி வேண்டும். யாரைத் தேடுகிறார்கள்? கேள்வி கேட்காத ஆளை.

ஓர் உயிலை எந்தெந்தக் காரணத்துக்காகக் கோர்ட்டில் எதிர்க்கலாம் என்று சட்டம் சொல்கிறதோ, அவை எல்லாமே அந்த அறைக்குள் நின்றிருந்தால் உங்கள் கண்ணில் பட்டிருக்கக்கூடியவை. எழுதுகிறவர் 18 வயது நிரம்பிய, புத்தி தெளிவான ஆளா என்பது அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு. கண் தெரியாதவர், காது கேளாதவர், வாய் பேசாதவர்கூட, தான் செய்வது என்னவென்று தெரிந்தால் உயில் எழுதலாம். மனநோய் உள்ளவரும் தெளிவாக இருக்கும் இடைவெளியில் எழுதலாம். ஆனால் நோயாலோ போதையாலோ வேறு எதனாலோ, என்ன செய்கிறோம் என்றே தெரியாத நிலையில் இருப்பவர் எழுதினால் அது உயிலே ஆகாது. ஐ.சி.யூ.வில் மயக்க மருந்துக்கு நடுவில், "உங்க பேர் என்னங்க?" என்று கேட்டால் இருபது ஆண்டுக்கு முன் செத்துப்போன தம்பியின் பெயரைச் சொல்கிறவரின் விரலைப் பிடித்து மையில் தோய்க்கிறார்கள் என்றால், அதைப் பார்த்த பிறகும் உங்கள் பேனா எழுதுமா?

61-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. மோசடி செய்தோ, மிரட்டியோ, எழுதுகிறவரின் சுதந்திரமே போய்விடும் அளவுக்கு நச்சரித்தோ வாங்கிய உயில் செல்லாது. அந்தப் பிரிவுக்குச் சட்டம் எழுதியவர்கள் சில எடுத்துக்காட்டுகளையும் சேர்த்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. எதிர்த்துப் பேசத் தெம்பில்லாத நோயாளி ஒருவரை விடாமல் தொந்தரவு செய்கிறார்கள். அவரும் நிம்மதியாகப் படுத்துக்கிடந்தால் போதும் என்று, சொன்னபடி எழுதிக்கொடுத்துவிடுகிறார். அந்த உயில் செல்லாது. நூறு ஆண்டுக்கு முன் எழுதிய வரிகள் நம் தெருவைப் பார்த்துவிட்டு எழுதியவைபோல இருக்கின்றன. சோறு போடமாட்டேன் என்று யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாலே படுக்கையில் கிடக்கும் கிழவி பணிந்துவிடுவாள். அதே சமயம், தெளிவாக இருக்கிற ஒருவரிடம் பிள்ளைகள் கெஞ்சிக் கேட்டதாலோ எடுத்துச் சொன்னதாலோ மட்டும் உயில் கெட்டுப்போகாது. அவர் கேட்டுக்கொண்டு, தன் முடிவாக எழுதியிருந்தால் அது நிற்கும். மிரட்டல், மோசடி என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது சட்டம். பாவம், அந்த அறையில் இல்லாத மகள் எதை வைத்து நிரூபிப்பாள்? அறையில் இருந்தவர் நீங்கள்.

அவளுக்குத் துணையாக உச்ச நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 1958 நவம்பரில், வெங்கடாசல அய்யங்கார் - திம்மஜம்மா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு. மைசூர்ப் பக்கத்து வழக்கு. ஒரு மூதாட்டியின் பெயரில் உயில். அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தவரே அதை உருவாக்குவதில் முன்னின்றிருக்கிறார். அவருடைய மகன்களுக்குக் கணிசமான பங்கும் அதில் போகிறது. மைசூர் உயர் நீதிமன்றம் அந்த உயிலை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. கையெழுத்து நடுங்கிச் சந்தேகமாக இருந்தால், எழுதியவரின் மனநிலை பலவீனமாக இருந்தால், சொத்துப் பிரிப்பு காரணமே இல்லாமல் விசித்திரமாக இருந்தால், பலன் பெறுகிறவரே எழுதும் வேலையில் கைவைத்திருந்தால், அந்தச் சந்தேகங்களை எல்லாம் உயிலைக் கொண்டுவருகிறவர்தான் தீர்க்க வேண்டும், நீதிபதியின் மனச்சாட்சி திருப்தியடைய வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. கீழ்க்கோர்ட்டு முதல் டெல்லி வரை உயில் வழக்கு நடக்கும் இடமெல்லாம் இன்றும் அந்தப் பெயர் ஒலிக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது: கையெழுத்தானது என்று காட்டினால் மட்டும் போதாது, சந்தேகமும் விலக வேண்டும்.

பெற்ற பிள்ளைக்குக் குறைத்து எழுதியதாலேயே ஓர் உயில் சந்தேகத்துக்குரியது ஆகிவிடாது. இயல்பான பங்கை மாற்றத்தான் உயிலே எழுதுகிறார்கள். ஆயாவும் அதற்காகத்தான் எழுதினார். ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி உயிலிலேயே இருந்தால் அது எவ்வளவோ பேரின் வாயை அடைக்கும்.

"ரிஜிஸ்தர் பண்ணின உயில் சார், யாரும் அசைக்க முடியாது" என்று உங்களிடம் சொல்வார்கள். நம்பாதீர்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமே இல்லை. பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் பதிவு மட்டும் சந்தேகத்தைப் போக்கிவிடாது என்று ராணி பூர்ணிமா தேவி வழக்கில் 1960-களின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சார்பதிவாளரின் முத்திரை விழுந்திருப்பதால் உங்கள் பொறுப்பு குறைந்ததாக நினைக்க வேண்டாம். பதிவான உயிலையும், பிறகு வெள்ளைத்தாளில் முறையாக எழுதிய பதிவாகாத உயிலால் ரத்து செய்துவிட முடியும். சட்டப்படி கடைசியில் எழுதியதுதான் உயில்.

தன்னுடையது அல்லாததை உயிலில் எழுதிக்கொடுப்பதும் நம் பக்கம் மிகுதி. பூர்வீகத் தோப்பு முழுவதையும் மகன்கள் பெயருக்கு உயில் எழுதிவிட்டு அப்பா போய்விடுவார். அவருக்கு அதில் ஒரு பங்குதான் உண்டு. அந்தப் பங்கைத்தான் அவர் உயிலில் தரலாம். தமிழ்நாடு 1989-இலேயே, அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடுவண் சட்டம் மணமானவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. இது சாட்சியின் வேலை இல்லைதான். ஆனால் அந்த உயிலை உங்கள் முன் படிக்கும்போது, "மகளுக்குப் பங்கு உண்டே, வக்கீலைக் கேட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் எத்தனையோ ஆண்டு வழக்கு மிச்சமாகும்.

இஸ்லாமிய நண்பர்களுக்கு வேறு முறை. வாயால் சொன்னாலும் உயில் ஆகும். ஆனால் ஈமச்செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போவதற்கு வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவ நண்பர்களே, உயிலில் உங்களுக்கோ உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ ஏதாவது எழுதியிருந்தால் நீங்கள் சாட்சியாக நிற்காதீர்கள். உயில் நிற்கும், உங்களுக்கு எழுதியது போய்விடும். இந்துக்களுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் பலன் பெறுகிறவரே சாட்சி என்றால் அந்த இடத்திலேயே சந்தேகம் முளைத்துவிடும்.

சிதம்பரம் கோயிலுக்குப் போகிறவர்கள் பச்சையப்ப முதலியாரின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1794 மார்ச்சில் கும்பகோணத்தில் உயில் எழுதினார். அந்த மாத இறுதியிலேயே திருவையாற்றில் இறந்தார். தன் செல்வத்தைக் கோயில் தருமங்களுக்கு விட்டுப்போனார். உறவினர் சண்டையிலும் பொறுப்பேற்றவர்களின் கைகளிலும் அந்தப் பணம் பல ஆண்டுகள் சிக்கிக்கிடந்தது. வழக்குகள் நடந்து, நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் சென்னையில் 1842-இல் அவர் பெயரில் பள்ளி திறந்தது. அவ்வளவு பெரிய மனிதரின் சொல்லுக்கே, அவர் இல்லாத ஊரில் அந்தக் கதி. நம் தெரு ஆயாவுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். வீட்டிலோ கடையிலோ பத்திர எழுத்தரின் பெஞ்சிலோ உயிலில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டால், எழுதியவர் எதிரில் இல்லாமல் போடாதீர்கள். அண்ணன் தம்பியே வந்து கேட்டாலும், "ரெண்டு நிமிஷ வேலைதான்" என்றாலும், கையில் பணம் திணித்தாலும் போடாதீர்கள். "நீங்க முதல்ல போட்டுடுங்க, அவரு அப்புறம் வைப்பாரு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நேரில் போனால், உயிலால் பலன் பெறுகிறவரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். அதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும், அப்படியும் சொல்லுங்கள். பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்று என்ன சாப்பிட்டீர்கள், பேரப்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்று பேச்சுக் கொடுங்கள். பிறகு, "என்ன ஆயா எழுதியிருக்கீங்க, யாருக்கு எதுன்னு சொல்லுங்க" என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் வைப்பதைப் பார்த்துவிட்டு, அவர் பார்க்க நீங்கள் போடுங்கள். நோயாளி என்றால் அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரே ஒரு சாட்சியாக வரட்டும். எழுந்து வரமுடியாதவர் என்றால் சார்பதிவாளரையே வீட்டுக்கு அழைத்துப் பதிவு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. செல்போனில் வீடியோ எடுத்து வைப்பது நல்லது. ஆனால் அது சாட்சிகளுக்கு மாற்று ஆகாது. உங்களுக்கு எழுபதைத் தாண்டிவிட்டால், "சின்ன வயசு ஆளாப் பாருங்க" என்று சொல்லிவிடுங்கள். வழக்கு வருவதற்குள் சாட்சி போய்விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் தெரு பார்த்துவிட்டது.

வாயில்லாத மகளோ மருமகளோ உங்கள் வீட்டுக்கு வந்து, "எங்கம்மா ரேகை வைச்சப்போ நீங்க கூட இருந்தீங்களா சார்?" என்று கேட்டால் கதவைச் சாத்தாதீர்கள். இருந்தேன் என்றால் இருந்தேன், இல்லை என்றால் இல்லை. அந்த ஒரு பதிலில் வழக்கே போடாமல் அவள் திரும்பிப் போகக்கூடும், அல்லது தன் வழக்கு நியாயமானது என்று தெரிந்து போடக்கூடும். பதிவான உயில் என்றால், எழுதியவர் இறந்தபின் இறப்புச் சான்றிதழைக் காட்டி யாரும் நகல் வாங்கலாம் என்று அவளுக்குச் சொல்லுங்கள். நகலைப் படிக்காமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே என்றும் சொல்லுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அவளுக்கு இலவச உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பார்க்காமல் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்குத்தான் நான் முக்கியமாக எழுதுகிறேன். உங்களில் எத்தனை பேர் இதைப் படிக்கும்போது ஒரு தாளை, ஒரு முகத்தை நினைத்துக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுதியவர் இறந்துவிட்டார், சம்மன் வந்துவிட்டது என்றால், கூண்டில் உண்மையைச் சொல்லுங்கள். அது யாருடைய பக்கம் விழுந்தாலும் சொல்லுங்கள். பொய் உயில் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் சம்மன் வரும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். உயிலைப் போலியாக உருவாக்குவது ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். அதை உங்கள் பெயரால் நிற்கவிடாதீர்கள்.

ஆனால் எழுதியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்றால், இந்த மடலை மடித்து வைத்துவிட்டு இன்றே அவர் வீட்டுக்குப் போங்கள். "ஆயா, நான் அன்னைக்கு உங்க முன்னாடி போடலை, அது கோர்ட்டுல நிக்காது, புதுசா ஒண்ணு எழுதிடலாம்" என்று சொல்லுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இன்னொரு சாட்சியையும் கையோடு அழைத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
திருவதிகையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்